எழுதாத சட்டமும் பள்ளிக்கூடக் கக்கூசும்

1

நான் படித்த பள்ளிக்கூடம் தேன்கனிக்கோட்டைப் பக்கம். ஊர்ப்பேர் வேண்டாம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரின் பேரைப் போட்டாலும் கதை பெரிசாக மாறப்போவதில்லை. அங்கே வேலைப்பிரிவினை தெளிவாக இருந்தது. வகுப்பறை பெருக்குவது பொம்பளப் பிள்ளைங்க. தொட்டியில் தண்ணி ரொப்புவது ஆம்பளப் பசங்க. கக்கூஸ் கழுவுவது எங்க தெருப் பசங்க. இதை எந்த வாத்தியாரும் பலகையில் எழுதிப் போடவில்லை. சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. ஆனாலும் ஒருநாள்கூட யாரும் தவறுதலாக வேறு வேலைக்குப் போனதில்லை. சாதி என்ன, ஆண் என்ன, பெண் என்ன என்கிற பாடத்தை ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் நாங்கள் பிழையில்லாமல் கற்றிருந்தோம்.

பிழை செய்தது ஒருத்திதான். அப்போது அவளுக்கு ஆம்பளப் பேர். வருகைப் பதிவேட்டிலும் அந்தப் பேர்தான். அருந்ததியர் தெரு. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம். கக்கூஸ் பக்கம் போகச் சொன்னால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பொம்பளப் பிள்ளைங்களோடு போய் நின்றுகொள்வாள். வாத்தியார் இழுத்துவந்து, "உன் சாதிக்கும் இது வேலை இல்ல, உன் பொறப்புக்கும் இது வேலை இல்ல" என்று போடுவார். ஒரே பிரம்பு, ரெண்டு பாடம்.

எட்டாவது பாஸானோம். ஜூன் மாதம் ஒம்போதாம் வகுப்பில் போய் உட்கார்ந்த முதல்நாள், பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன் சொன்னான்: "ஒம்போது ஒம்போதுக்கு வந்துருச்சுடா." வகுப்பு சிரித்தது. வாத்தியார் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. ஆயுதபூஜைக்குள் அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். பிறகு ஊரிலும் இல்லை.

பல வருஷம் கழித்து அத்திப்பள்ளி எல்லையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். சேலை கட்டியிருந்தாள். கடை கடையாகக் கைதட்டிக் காசு வாங்கிக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். நலம் விசாரிக்கவில்லை. "ஏன்டா, அந்தக் கக்கூஸ் இன்னும் இருக்குதா?" என்று கேட்டாள். இருக்குது என்றேன். "இப்ப யார் கழுவுறாங்க?" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் பாலின அடையாளம் பற்றிப் பேசலாமா கூடாதா என்று நடக்கும் விவாதத்தை நான் அவளுடைய ரெண்டாவது கேள்வியிலிருந்துதான் வாசிக்க முடியும்.

2

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2014 ஏப்ரலில் நால்சா வழக்கில் உச்சநீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை மனிதருக்கு உண்டு என்றது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடு இல்லாமல் எல்லோரையும் உள்ளடக்கிய கல்வி தரவேண்டும் என்றது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள் தொடர்ந்த சுஷ்மா வழக்கில், பள்ளி, கல்லூரிகளுக்கும் சேர்த்து வழிகாட்டுதல்கள் கொடுத்தார். பெற்றோர்-ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோரிடம் பேசவேண்டும், பாலினம் பிரிக்காத கழிப்பறை வேண்டும், சான்றிதழில் பேரும் பாலினமும் மாற்ற வழி வேண்டும் என்பவை அவற்றில் சில.

அதே ஆண்டு அக்டோபர், நவம்பர் வாக்கில் என்.சி.இ.ஆர்.டி ஆசிரியர்களுக்காக ஒரு பயிற்சிக் கையேட்டைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. பள்ளிக் கல்வியில் திருநர் பிள்ளைகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பது அதன் பொருள். பிள்ளைகளை ஆண் வரிசை, பெண் வரிசை என்று எடுத்ததற்கெல்லாம் பிரிக்காதீர்கள். சீருடையில் பிடிவாதம் வேண்டாம். எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை வையுங்கள். திருநர்களைப் பள்ளிக்கு அழைத்துப் பேசவிடுங்கள் என்கிற மாதிரியான யோசனைகள். இது பாடப்புத்தகம் அல்ல, பிள்ளைகள் கைக்குப் போகிற பிரதியே அல்ல. வாத்தியாருக்கான குறிப்பு.

புகார் போனது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் என்.சி.இ.ஆர்.டிக்கு ஒரு கடிதம் எழுதியது. கையேடு காணாமல் போனது. அந்த டிசம்பரில், அதே வழக்கு தொடர்ந்துகொண்டிருக்கையில், வெளியான வேகத்திலேயே கையேடு பிடுங்கப்பட்டதை நீதிபதி வெளிப்படையாகவே கண்டித்தார். 2023 ஜனவரியில்தான் வேறொரு வரைவு வந்தது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். தடை செய்ய யாரும் சட்டம் இயற்றவில்லை. சட்டமெல்லாம் மறுபக்கம்தான் இருந்தது. உச்சநீதிமன்றத் தீர்ப்பு, நாடாளுமன்றச் சட்டம், உயர்நீதிமன்ற உத்தரவு, மூன்றும் கையேட்டின் பக்கம். எதிர்ப்பக்கம் ஒரு கடிதம். ஜெயித்தது கடிதம்.

மற்ற நாடுகளில் இதற்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் தாட்சர் அரசு 1988இல் உள்ளாட்சிச் சட்டத்தில் 28ஆம் பிரிவைக் கொண்டுவந்து, ஒருபால் உறவை ஏற்கத்தக்க குடும்ப உறவாகப் பள்ளிகளில் கற்பிப்பதை உள்ளாட்சிகள் ஊக்குவிக்கக் கூடாது என்றது. அந்தப் பிரிவின் கீழ் யாரும் தண்டிக்கப்படவில்லை. தேவைப்படவில்லை, வாத்தியார்கள் பயந்து தாங்களாகவே வாயை மூடிக்கொண்டார்கள். அது ஸ்காட்லாந்தில் 2000லும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003லும் நீக்கப்பட்டது. ஹங்கேரி 2021இல் சட்டம் போட்டது. அமெரிக்காவின் ஃபுளோரிடா 2022 மார்ச்சில், மூன்றாம் வகுப்பு வரை பாலின அடையாளம் பற்றிக் கற்பிக்கத் தடை போட்டது. அடுத்த ஆண்டு அதை மேல்வகுப்புகளுக்கும் நீட்டியது.

அந்த நாடுகள் சட்டம் போடுகின்றன, பிறகு வழக்காடுகின்றன, சில இடங்களில் நீக்குகின்றன. எழுதிய சட்டத்தோடு சண்டை போடலாம். எழுதாத சட்டத்தோடு எங்கே போய்ச் சண்டை போடுவது? இந்தக் கேள்வி நமக்குப் புதுசு இல்லை. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. எங்க பள்ளிக்கூடக் கக்கூசுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

3

ஆணையத்தின் ஆட்சேபத்தை ஒரு பிரதியாக எடுத்து வாசிப்போம். அதன் சாரம் இது: வீட்டில் ஒரு சூழலும் பள்ளியில் அதற்கு முரணான இன்னொரு சூழலும் இருந்தால் பிள்ளைகளின் மனம் தேவையில்லாமல் பாதிக்கப்படும்.

முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம்முறை வரவில்லை. யாருடைய வீடு இது? வீடும் பள்ளியும் ஒத்துப்போகிற அந்தப் பிள்ளை யார்? வீட்டில் பேசுகிற மொழியே பாடப்புத்தகத்தின் மொழியாகவும், வீட்டில் தின்கிற சோறே பள்ளியின் சோறாகவும், வீட்டுச் சாமியே காலை வழிபாட்டின் சாமியாகவும் இருக்கிற பிள்ளை அது. அந்தப் பிள்ளைக்குத்தான் முரண் என்பது அதிர்ச்சி. சேரியிலிருந்து போகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் முதல்நாளிலிருந்தே முரண்தான். வீட்டில் மாட்டுக்கறி, பள்ளியில் அதன் பேரைச் சொல்லக்கூடாது. வீட்டில் ராசா, பள்ளியில் தெருப்பேர். அப்பன் ஆத்தாள் பேசுகிற தெலுங்கும் கன்னடமும் பள்ளியில் கேலி. இந்த முரணால் நம் மனம் பாதிக்கப்படுமே என்று எந்த ஆணையமும் கடிதம் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்று. முரணே கூடாது என்றால் நமக்குக் கல்வியே கூடாது. சேரியில் பிறந்தவன் சேரி வேலையைத்தான் பார்க்கவேண்டும் என்று வீடும் ஊரும் சொல்லும்போது, இல்லை, வேறு வாழ்க்கை உண்டு என்று எங்கேயாவது ஒரு வாத்தியார் சொன்னதால்தான் நம்மில் சிலர் இன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். ஊர் சொல்கிறதையே பள்ளியும் சொல்லவேண்டும் என்பது சாதியின் கோரிக்கை. அதற்குக் குழந்தை உரிமை என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

பொதுக் கழிப்பறை என்ற சொல்லைப் பார்த்துத்தான் பெரிய கூச்சல் எழுந்தது. 2022 கடைசியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த விஷயம், ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்தபிறகு தாயார் விசாரித்ததில்தான் வெளியே வந்தது. தலைமையாசிரியை வன்கொடுமைச் சட்டத்தில் கைதானார். பண்பாடு கெட்டுவிட்டதென்று கழிப்பறைக்காகக் கொதித்தவர்களில் யாரும் அதற்குக் கொதிக்கவில்லை. கழிப்பறைக்குள் யார் போகலாம் என்பது அவர்களுக்குப் பிரச்சினை. யார் கழுவுவது என்பது பிரச்சினையே இல்லை.

4

"நம்ம பிள்ளைங்க சாதிக்கயிறு கட்டினவன்கிட்ட வெட்டு வாங்கிட்டு இருக்கு. இந்த நேரத்துல இது எதுக்கு தோழர்?" என்று ஓசூரில் ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியது சக மாணவர்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப்பேர்களில் சாதி வேண்டாம், கயிறு வேண்டாம் என்றது. உடனே அதையும் எதிர்த்துக் கூச்சல் கிளம்பியது.

என் பதில்: இந்த ரெண்டு கூச்சலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. ஃபுளோரிடாவைப் பாருங்கள். 2022 மார்ச்சில் பாலினம் பற்றிப் பேசாதே என்று கையெழுத்திட்ட அதே ஆளுநர், ஒரு மாதத்துக்குள், ஏப்ரலில், இனவெறி பற்றிப் பள்ளியில் எப்படிப் பேசலாம் என்று கட்டுப்படுத்தும் இன்னொரு சட்டத்திலும் கையெழுத்திட்டார். இங்கே பாருங்கள். 2021இல் திருநர் கையேட்டைக் கீழே இறக்கிய என்.சி.இ.ஆர்.டி, 2022இல் சுமை குறைப்பு என்ற பேரில் பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் புத்தகத்திலிருந்து மக்கள் இயக்கங்கள் பற்றிய அத்தியாயத்தையே தூக்கியது. தலித் சிறுத்தைகள் இருந்தது அந்த அத்தியாயத்தில்தான்.

எல்லைக்கு அந்தப்பக்கம் கர்நாடகத்தில் 2007இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டமே வேண்டாம் என்று நிறுத்தினார்கள். 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வியே கூடாது என்று அறிக்கை கொடுத்தது. 2022இல் கர்நாடகப் பாடநூல்களைத் திருத்தியபோது, அந்தப் போக்கை எதிர்த்துத் தேவனூரு மகாதேவா தன் பாடத்தைச் சேர்க்கும் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். உடம்பைப் பற்றிப் பேசாதே என்பவனும் சாதியைப் பற்றிப் பேசாதே என்பவனும் தனித்தனி ஆள் இல்லை.

பேசாமலிருந்தால் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்களா? நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்டில் பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி முகாம் நடத்தியவன் மாணவிகளிடம் நடந்துகொண்ட விதம் மாநிலத்தையே உலுக்கியது. 2025 பிப்ரவரியில் ஓர் அரசுப் பள்ளியின் மூன்று ஆசிரியர்கள் ஒரு சிறுமியை நாசம் செய்ததாகக் கைதானார்கள். தன் உடம்புக்கு நடப்பதைச் சொல்ல ஒரு பிள்ளைக்கு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தையைத்தான் ஒழுக்கத்தின் பேரால் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஓசூரைச் சுற்றி ஆண்-பெண் பாடத்தை நடத்துவது பள்ளிக்கூடம் மட்டுமல்ல. கம்பெனி கேட்டிலும் நடத்துகிறார்கள். 2021இல் ஓலா நிறுவனம் போச்சம்பள்ளி ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று அறிவித்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மின்னணு ஆலையிலும் பெரும்பாலும் சின்னப் பெண்கள்தான்; விடுதியில் தங்கவைத்து, பஸ்ஸில் ஏற்றி இறக்குகிறார்கள். பெண் என்பதே அங்கே ஒரு வேலைத் தகுதி. ஊர்க்காரனும் நடத்துகிறான். 2018 நவம்பரில் சூளகிரி ஒன்றியத்துச் சூடுகொண்டபள்ளியில் ஒரு தலித் இளைஞனும் அவனைக் கட்டிக்கொண்ட சாதி இந்துப் பெண்ணும் எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். மண்டியா மாவட்டத்துக் காவிரியில் பிணமாகக் கிடைத்தார்கள். பெண் யாருடைய பெண், ஆண் எந்தத் தெரு ஆண் என்று சாதி போட்டுவைத்த கோட்டைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதுதான் அந்தப் பாடம். இதற்கெல்லாம் கையேடு கிடையாது. யாரும் தடையும் கேட்கவில்லை.

5

தலித் தன்வரலாறுகளைப் பள்ளிக்கூடத்தின் மீதான விமர்சனமாக நாம் வாசித்திருக்கிறோம். பாமாவின் கருக்கில் (1992) பள்ளித் தோட்டத்துத் தேங்காயைத் திருடியதாகப் பழி சுமத்தப்படும் சிறுமியை மறக்க முடியாது. ஓம்பிரகாஷ் வால்மீகியின் ஜூட்டனில் (1997) பையனைப் படிக்கவிடாமல் நாள்கணக்கில் பள்ளி மைதானத்தைப் பெருக்க வைக்கிறார்கள். இந்தப் பிரதிகளுக்குப் பக்கத்தில் லிவிங் ஸ்மைல் வித்யாவின் நான், சரவணன் வித்யா (2007), ரேவதியின் வெள்ளை மொழி (2011) இரண்டையும் நாம் வைத்து வாசித்தோமா? இல்லை. அவை திருநங்கை இலக்கியம் என்று தனி அலமாரிக்குப் போய்விட்டன.

வித்யா தலித். 2013இல் வந்த ஒரு நேர்காணலில், திருநர் மீதான வெறுப்பையே பார்ப்பனியத்தின் ஒரு வடிவமாக அவர் வாசித்தார். பிறப்பு உடம்பில் எழுதிவிட்ட இடத்தை விட்டு நகராதே என்பதுதானே ரெண்டுக்கும் அடிப்படை. கோட்பாடு பேசிக்கொண்டிருந்த நாம் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் அது. அவருடைய புத்தகம் கன்னடத்துக்குப் போய், நானு அவனல்ல அவளு என்று படமாகி, அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருதும் வந்தது. ரேவதி நாமக்கல் பக்கத்துக் கிராமத்துக்காரர். பெங்களூரில் அமைப்பில் வேலை செய்தவர். இந்தப் பிரதிகளும் இந்த மனிதர்களும் போன பாதை ஓசூர் வழிதான். நாம்தான் ஓரமாக நின்றுகொண்டிருந்தோம்.

தமிழகத்துப் பாடநூல் என்.சி.இ.ஆர்.டியைவிட மேல் என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான், பதினோராம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் நர்த்தகி நடராஜ் வந்தார். வரவேண்டியவர், சந்தோஷம். ஆனால் அது எந்தக் கதையாடல் என்று கேட்கவேண்டும். பரதத்தில் சிகரம் தொட்டவர், பத்மஸ்ரீ வாங்கியவர், பாடமாகலாம். ஒம்போதாம் வகுப்போடு நின்று அத்திப்பள்ளியில் கைதட்டுபவள் ஏன் நின்றாள் என்பது பாடமாகாது. சாதித்தவரைக் காட்டி, சாதிக்கவிடாமல் செய்ததை மறைக்கிற உத்தி இது. அம்பேத்கரைச் சட்டமேதை என்று இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டு, அவர் பள்ளியில் கோணிச்சாக்கில் தனியாக உட்கார்ந்ததை ஒரு வரியில் தாண்டுகிறார்களே, அதே உத்தி.

பேர் மாற்றமும் அப்படித்தான். அலி, ஒம்போது என்றதை அரவாணி என்றார்கள், பிறகு திருநங்கை என்றார்கள். 2022இல் தமிழக அரசு நீதிமன்றம் சொன்னபடி மதிப்பான சொற்களைத் தொகுத்து அரசிதழில் போட்டது. நல்ல காரியம். அரிஜன், ஆதிதிராவிடர், தாழ்த்தப்பட்டோர் என்று பேர்களைக் கடந்து வந்தவர்கள் நாம். அரசிதழில் பேர் மாறிய மறுநாளும் வகுப்பறையில் பழைய பேர்தான் கூப்பிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும். வாத்தியாரிடம் பேசாமல் பேர் மாறாது. வாத்தியாரிடம் பேச வந்த பிரதியைத்தான் பிடுங்கினார்கள்.

6

கடைசியாக நம்மைப் பற்றி. 2011 கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாமல் மற்றவர் என்று பதிவானவர்கள் 4,87,803 பேர். அதில் ஏறத்தாழ 55 ஆயிரம் பேர் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அதாவது வீட்டுக்காரர்களே அப்படிச் சொல்லி எழுதியவர்கள். அதில் நம் சேரிப் பிள்ளைகளும் இருப்பார்கள். நம் அமைப்புகளின் மாநாட்டுத் தீர்மானங்களில் அவர்கள் எங்கே?

இடஒதுக்கீட்டை எடுத்துக்கொள்வோம். 2015இல் தமிழக அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. தலித்தாகப் பிறந்த திருநங்கை என்ன செய்வாள்? சாதியைக் காட்டினால் பாலினம் கணக்கில் வராது, பாலினத்தைக் காட்டினால் சாதி கணக்கில் வராது. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநர்க்கு இடம் வையுங்கள் என்று கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைகள் வருஷக்கணக்காகப் போராடினார்கள். 2021இல் கர்நாடகம் அரசு வேலையில் அப்படி 1 சதவீதம் கொடுத்தது. இங்கே 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் 2015 ஆணையை ரத்துசெய்து, கிடைமட்ட ஒதுக்கீடு கொடுக்கச் சொன்னது. இடஒதுக்கீட்டுக்காக உயிரை விடும் நம் இயக்கங்கள் இந்தப் போராட்டத்தில் எத்தனை நாள் போய் நின்றன? எழுதாத சட்டம் நம் தெருவிலும் அமலில் இருக்கிறது. அவளைத் துரத்தியது ஊர்க்காரனின் பள்ளிக்கூடம் மட்டும் இல்லை. நாங்கள் சிரித்த சிரிப்பும்தான்.

ஆகவே நாம் கேட்கவேண்டியது பழைய கையேட்டை அப்படியே திருப்பிக் கொடு என்பதோடு நிற்கக்கூடாது. ஆசிரியர் பயிற்சியில் சாதியையும் பாலினத்தையும் ஒரே பாடமாக வை. பொதுக் கழிப்பறை கட்டு. அதைக் கழுவக் கூலி கொடுத்து ஆள் போடு, எந்தப் பிள்ளை கையிலும் விளக்குமாறு கொடுக்காதே. படிப்பை விட்டு நின்ற பிள்ளையின் பேரைப் பதிவேட்டில் அடிக்கும்போது ஏன் நின்றது என்று எழுது. சந்துரு அறிக்கைக்காகப் போராடுகிறவர்கள் இதையும் அதோடு சேர்த்துக் கேட்கவேண்டும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கிற தோழர்கள் அடுத்த கல்வி மாநாட்டுக்கு அத்திப்பள்ளியிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு மேடையில் உட்காரவைக்க வேண்டும். நாம் கீழே உட்கார்ந்து கேட்கவேண்டும்.

போன மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். புதுக் கட்டடம், டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். கக்கூசும் புதுசு. ஆண்கள், பெண்கள் என்று ரெண்டு பலகை. சாயங்காலம் மணி அடித்தபிறகு வாளியோடு ரெண்டு பையன்கள் அந்தப் பக்கம் போனார்கள். எந்தத் தெரு தம்பி என்று கேட்டேன். சொன்னான். அடுத்தமுறை அவளைப் பார்த்தால் என்னிடம் பதில் இருக்கிறது.